குறையை முதலில் சொல்கிறவள்

எங்கள் கம்பெனி கேன்டீனில் சாம்பார் ஊற்றும்போதே அவள் அதன் குறையைச் சொல்லிவிடுவாள். "இன்னிக்கு உப்பு ரவ தூக்கல் சார், பாத்து ஊத்திக்கோ." "பொரியல் அடி புடிச்சிச்சு. மேலாப்புல எடுத்துக் குடுக்கறேன், ரெண்டாவது வாட்டி கேக்காத." தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வாள். கேன்டீனைக் கான்ட்ராக்ட் எடுத்தவர் தலையில் அடித்துக்கொள்வார்.

"யம்மா, நீ சொல்லலன்னா ஒருத்தனுக்கும் தெரியாதும்மா!"

"அதுக்குத்தான சொல்றேன்," என்பாள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. நாய்க்கார அக்கா வீடு எது என்று கேட்டால் செக்யூரிட்டியிலிருந்து மேனேஜர் வரை வழி சொல்வார்கள். அவள் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால், "என் பேரப் போட்டு இன்னா கிழிக்கப் போற, நாயப் பத்தி எழுது," என்று திட்டுவாள் என்பதும் தெரியும். ஆகவே அக்கா என்றே இருக்கட்டும்.

காலை ஷிஃப்டில் கேன்டீன், மதியத்துக்கு மேல் நாய்கள், இதுதான் அவள் நாள். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் நாய்கள் வளர்த்தாள். இரண்டு பெட்டை, ஒரு ஆண். குட்டி கேட்டு ஆட்கள் காத்துக் கிடந்தாலும் ஒரு பெட்டையை வருஷா வருஷம் குட்டி போட விடமாட்டாள். "அது இன்னா மெஷினா, மூணு ஷிஃப்ட் ஓட்டறதுக்கு?" என்று கேட்பாள். கேட்டவர் பெரும்பாலும் மூன்று ஷிஃப்ட் மெஷின் ஓட்டுகிறவராகவே இருப்பார்.

நான் அதே கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில், அதாவது க்யூசியில், இருக்கிறேன். வார்ப்பிரும்பில் செய்த பம்ப் பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததன் மேல் சிவப்புப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு ஒதுக்குவது என் வேலை. தலைமுடி அளவு வித்தியாசத்துக்கு ஒரு லாட்டையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் முதல் நாயை வாங்கிய லட்சணத்தைக் கேளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலத்தடியில் ஒருவன் ஸ்கூட்டர் பின்னால் கூடை கட்டிக்கொண்டு நின்றான். கூடைக்குள் வெள்ளைக் குட்டி. "ஒரிஜினல் ராஜபாளையம் சார். இதோட அம்மா ஊர்ல கீது." எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. என் மகள் ஜனனிக்கு அப்போது எட்டு வயது. குட்டியைத் தூக்கிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள், அத்தோடு வியாபாரம் முடிந்தது.

அந்தத் தீபாவளிக்குத் தெருவே அதிர்ந்தது. மற்ற நாய்களெல்லாம் கட்டிலுக்கு அடியிலும் காருக்கு அடியிலும் பதுங்கிக் கிடக்க, எங்கள் குட்டி வாசலில் கால் நீட்டித் தூங்கியது. நாலடி தூரத்தில் ஆயிரம் வாலா வெடித்தது, அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நான் அசந்துபோனேன். "பயம்னா இன்னான்னே தெரியாது இதுக்கு!" என்று தெரு முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன். தீரன் என்று பெயரும் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் நாயைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துக்கொண்டே என்னைப் பொறாமையாகப் பார்த்தார்.

தை மாதத்தில் ஒரு நாள் கேட் திறந்து கிடந்தது. தீரன் ரோட்டுக்குப் போய்விட்டான். கன்டெய்னர் லாரி வந்தது. ஜனனி அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். அவன் திரும்பவே இல்லை. லாரிக்காரர் இறங்கி வந்து அழாத குறையாகச் சொன்னார்: "ஹாரன்லருந்து கையவே எடுக்கல சார். அதுக்குக் காது கேக்காதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்காத காதைத் தைரியம் என்று நினைத்துப் பெயர் சூட்டியிருக்கிறேன். ஜனனியோ, தான் இன்னும் பலமாகக் கத்தியிருந்தால் அவன் திரும்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பல நாள் கழித்துத்தான் அதை அவள் அம்மாவிடம் சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. காது கேட்காதென்று எத்தனை முறை விளக்கினாலும் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அதையே சொன்னாள்.

கேன்டீன் வரிசையில் அக்காவிடம் இதைச் சொன்னேன். கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள்.

"குட்டியோட அம்மாவப் பாத்தியா?"

"இல்லக்கா."

"அப்பன?"

"இல்ல."

"பின்னாடி நின்னு கை தட்டியாவது பாத்தியா?"

"இல்லக்கா."

"நீ இன்னா சார் க்யூசி?"

எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா. பாப்பாவக் கூட்டிக்கினு வா," என்றாள். ரசம் ஊற்ற மறந்துவிட்டாள், கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

அவள் வீடு தொழிற்பேட்டை மதிலை ஒட்டிய வரிசையில் கடைசி வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்னால் கம்பிவேலி போட்ட மணல் தரை. இனி நாய் என்ற பேச்சே வீட்டில் வரக்கூடாது என்று சொல்லியிருந்த என் மனைவியும், எங்களைத் தடுப்பதற்காகவே கூட வந்தாள். கேட்டைத் திறந்ததும் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தப் பெட்டைக்குத் தோலு ரவ மட்டம். மழ வந்தா அரிப்பெடுக்கும், இதோட அம்மாவுக்கும் இருந்திச்சு. அத்தொட்டு இத்த ஜோடி சேக்கறதுல்ல. அந்தப் பெட்டைக்கு ஒண்ணும் இல்ல, ஆனா திருடும். இவன் ஆம்பள, பேரு ராசா. பாக்கத்தான் ராசா. கொழந்தைங்க கையில பிஸ்கட்டு இருந்தா புடுங்கிக்கினு ஓடுவான்."

"விக்கறவங்க யாராச்சும் இப்டிச் சொல்லுவாங்களா?" என்று மனைவி என் காதில் கேட்டாள். தீரன் போனபிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

உள்ளே சுவரில் பழைய மாதக் காலண்டர்களின் பின்பக்கத்தில் கோடு கோடாக நாய்களின் வம்சம் எழுதி மாட்டியிருந்தாள். எது எதன் பிள்ளை, எது யார் வீட்டில் இருக்கிறது, எது எந்த வயதில் எதனால் செத்தது என்று எல்லாம் அதில் இருந்தன. குட்டி கொண்டுபோனவர்கள் அதற்கு ஒரு தும்மல் வந்தாலும் அவளுக்குச் சொல்ல வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, எந்த வயதானாலும் அவளிடமே கொண்டுவந்து விட வேண்டும். கேன்டீனில் இதை நாய் ஜாதகம் என்று கேலி செய்வார்கள். "ஆமா, ஜாதகந்தான். உன் கல்யாணத்துக்குப் பாத்தாங்களே, அதுல யாராச்சும் சீக்குப் பாத்தாங்களா?" என்று கேட்டு வாயை அடைப்பாள்.

அன்றைக்கு அவள் எங்களைக் கேட்ட கேள்விகளை எனக்கு வேலை கொடுத்தபோது கம்பெனிகூடக் கேட்கவில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், கேட் எத்தனை உயரம், ரோடு எத்தனை அடி, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். கடைசியில், "இப்ப நீ கேளு," என்றாள்.

"இன்னாக்கா கேக்கறது?"

"பாத்தியா, கேள்வியே தெரியல. அதான் கூடைக்காரன் உன் தலையில கட்டிட்டான். பத்து கேள்வி எழுதிக்கினு வா, அப்புறம் குட்டியப் பத்திப் பேசலாம்."

ஜனனிதான் எழுதினாள், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில். முதல் கேள்வி, 'இதுக்குக் காது கேக்குமா, எப்படித் தெரியும்?' அக்கா அதைப் படித்துவிட்டு, "ஒண்ணாங் கேள்வியிலயே பாஸு," என்று ஜனனியின் கன்னத்தைக் கிள்ளினாள். பத்தாவது கேள்வி என்னுடையது, என்ன சாப்பிடும் என்று கேட்டிருந்தேன். "அத்த போன்ல பாத்துக்கோ," என்று நோட்டை மூடிவிட்டாள்.

அடுத்த குட்டிகள் வரப் பத்து மாதத்துக்கு மேலாகும் என்றாள். காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. சார் என்பது போய் நான் தம்பியானேன். அப்படிப் போய் இருந்த ஒரு நாள்தான் ஆந்திர எல்லைப் பக்கமிருந்து ஒரு ரைஸ்மில்காரர் காரில் வந்து இறங்கினார். அடுத்த ஈற்றில் ஆண் ஒன்று பெண் ஒன்று, ஜோடியாக வேண்டும் என்றார்.

"ஒரே வயித்துல பொறந்ததா? எதுக்கு?"

"குட்டி எடுக்கறதுக்குத்தாம்மா. டப்பு பத்தி நீ கவலப்படாத."

"டப்பு குடுத்தா ரத்தம் மாறுமா நைனா? அண்ணன் தங்கச்சியப் போயி ஜோடி சேக்கறன்றியே."

"அது நாய்ம்மா! மனுஷனுக்கே நம்ம பக்கம் அக்கா பொண்ணக் கட்டறோம். இன்னா கொறஞ்சி பூட்டோம், நல்லாதான கீறோம்?"

அக்கா மோர் கொடுத்து அவரை மரியாதையாக வழியனுப்பி வைத்தாள். கார் போனபிறகு வேலியோரம் பார்த்தாள். அங்கே அவளுடைய அக்கா, நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுகிறவர், ராசாவுக்கு முடி வாரிக்கொண்டிருந்தார்.

பெரியக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. நாய்கள் அக்காவைவிட அவருக்குத்தான் அதிகம் அடங்கும். உள்ளங்கையைக் காட்டினால் உட்காரும். இரண்டு விரலை மடக்கினால் எங்கிருந்தாலும் ஓடிவரும். "வாயப் பாத்தே சேதியப் புடிச்சிடுவா. அவ எதிர்ல பொய் மட்டும் சொல்லிடாத," என்று அக்கா முதல் நாளே எச்சரித்திருந்தாள்.

"எங்கம்மாவ அதோட தாய்மாமனுக்கே கட்டிக் குடுத்தாங்க," என்றாள் அக்கா. "அதுக்கு மின்னாடியும் அப்டித்தான். மொதல்ல இவ பொறந்தா. அப்புறம் நான். எனுக்கும் மாமன் மவனத்தான் பேசுனாங்க. நல்ல மனுஷன் தம்பி. எனுக்கும் புடிக்கும்."

"அப்புறம்?"

"ஒரு காலண்டரத் திருப்பிப் போட்டு, எங்க ஊட்டு ஆளுங்க பேரெல்லாம் எழுதிக் கோடு போட்டுப் பாத்தேன். எந்தக் கோட்டப் புடிச்சிக்கினு போனாலும் ஒரே ஊட்டுல போயி நிக்கிது. மாட்டேன்னுட்டேன்."

"அவரு?"

"வேற எடத்துல கட்டிக்கினாரு. பொங்கலுக்குப் பொங்கல் எங்க ரெண்டு பேருக்கும் கரும்பு எடுத்துக்கினு வந்துடுவாரு." அவள் சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள் என்று எனக்குப் பட்டது.

திருடுகிற பெட்டைக்கும் ராசாவுக்கும் குட்டிகள் பிறந்தன, ஆறு. ராஜபாளையம் குட்டிகளுக்கு மூக்கு ரோஸ் நிறமாக இருக்கும். ஒன்றுக்கு மட்டும் மூக்கில் கடுகு போல ஒரு கறுப்பு மச்சம். ஜனனியைப் பார்த்ததும் அதுதான் மற்றவற்றின் மேல் ஏறி மிதித்துக்கொண்டு ஓடிவரும். நாலாவது வாரமே அது இவளுடையது என்று ஆகிவிட்டது. மனைவிகூட அதற்கொரு பழைய போர்வையை எடுத்து வைத்தாள். பக்கத்துக் கம்பெனியில் சங்கு ஊதும்போது ஆறு குட்டிகளும் தலையைத் தூக்கின. "எல்லாத்துக்கும் காது கேக்குது!" என்று ஜனனி குதித்தாள்.

"கும்பல்ல பாக்காத பாப்பா," என்றாள் அக்கா. "ஒண்ணு எழுந்தா எல்லாம் எழுந்துக்கும். தனியா வெச்சிப் பாக்கணும்."

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வைத்துப் பார்த்தாள். மணலில் கோணிப்பை விரித்து, அதன்மேல் ஒரே ஒரு குட்டி. அதிர்வு தெரியக்கூடாது என்பதற்காகத்தான் மணல். அக்கா ஒரு தகரத் தட்டிக்குப் பின்னால் கேன்டீன் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக உட்கார்ந்துகொண்டாள். குட்டியை எதிரிலிருந்து கவனிப்பது பெரியக்காவின் வேலை. காது கேட்காதவரைப் போய் இதற்கு வைக்கிறாளே என்று எனக்குத் தோன்றியது. அதை அவளே சொன்னாள்: "கேக்கறவன் கண்ணு சத்தம் வந்த பக்கம் ஓடிடும். அவ கண்ணு குட்டி மேலயே கெடக்கும். காது மடலு ஒரு நூல் ஆடினாலும் சொல்லிடுவா."

டங் என்றது தட்டு. முதல் குட்டி துள்ளித் திரும்பியது. பெரியக்கா கட்டை விரலைத் தூக்கினார். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. எல்லாவற்றுக்கும் கட்டை விரல். ஆறாவது மச்சக்குட்டி. அது கோணியின் ஓரத்தைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. டங். இழுத்துக்கொண்டே இருந்தது. டங், டங். ஒரு நூலை வெற்றிகரமாக உருவி எடுத்துக்கொண்டு ஜனனியைப் பார்த்து வாலை ஆட்டியது. பெரியக்கா உள்ளங்கையைக் கீழே பார்க்கத் திருப்பினார்.

எங்களுக்கு முன்னால் ஜனனிக்குப் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை, என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் மனைவி பக்கம் திரும்பி, பதினைந்து வருஷ வாய்ப்பழக்கத்தில் சொன்னேன்: "போச்சு. ரிஜெக்ட்."

சொல்லி முடித்தபின்தான் பார்த்தேன். பெரியக்கா பத்தடி தூரத்தில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு நிமிஷத்தை இன்று நினைத்தாலும் என் காது சூடாகிறது. அக்கா தட்டியை விட்டு எழுந்து வந்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"இத்தினி பாத்து பாத்துப் பண்றது எதுக்குன்னு நெனச்ச சார்? பொறக்கப் போறது கஷ்டப்படக் கூடாதுன்னு. பொறந்துட்டா அது நம்ம ஊட்டுப் புள்ள. அதுக்கு இன்னா வோணுமோ அத்தத்தான் செய்யணும். இது வேற, அது வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

மறுபடி சார் ஆகிவிட்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று பெரியக்காவைத் தேடினால் ஆளைக் காணோம். அடுத்த நொடி என் காதுக்குப் பின்னால் இடி விழுந்த மாதிரி டங் என்று ஒரு சத்தம். நான் மூன்றடி தள்ளிப் போய் வேலியில் விழுந்தேன். தட்டும் கரண்டியுமாகப் பெரியக்கா நின்றுகொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கினார். உடம்பு குலுங்கச் சிரித்தார். ஜனனியும் சிரித்துவிட்டாள், அக்காவும். சிரிக்காமல் இருந்தது, மும்முரமாகக் கோணி பிரித்துக்கொண்டிருந்த மச்சக்குட்டி மட்டும்தான்.

அந்த வாரம் முழுக்க அக்கா போனும் காலண்டருமாக இருந்தாள். ராசாவைக் குட்டியாக வாங்கியபோது அவன் அம்மாவை அவள் நேரில் போய்ப் பார்க்கவில்லை. தெரிந்த ஒருவர், வேறு வம்சம்தான் என்று சத்தியம் செய்தார், நம்பிவிட்டாள். ஊரில் எல்லாரையும் எந்தக் கேள்வியைக் கேட்டு உலுக்குவாளோ, அந்தக் கேள்வியைத் தன் விஷயத்தில் விட்டுவிட்டாள். இப்போது தேடிப் போனால், ராசாவும் குட்டிகளின் அம்மாவும் ஒரே வீட்டுக் கிளை. மறுபடி எல்லாக் கோடும் ஒரே வீட்டில் போய் நின்றது.

ராசாவுக்கு ஆபரேஷன் செய்துவிட்டாள். கேன்டீன் முழுக்க அதைக் குடும்பக் கட்டுப்பாடு என்று சொல்லிச் சிரித்தது. ஊரே கேட்டு வந்த ஆண் நாய் அவன். அவள் அன்று ஈரல் வேகவைத்து மடியில் வைத்து ஊட்டினாளாம். மறுநாள் கண் சிவந்திருந்தது. ஆனாலும், "ரசத்துல புளி பத்தல சார்," என்று சொல்லித்தான் ஊற்றினாள்.

அது போதாதென்று, அதே ஜோடிக்கு முன்பு பிறந்து வீடுகளுக்குப் போன குட்டிகளையும் பார்த்தாக வேண்டும் என்றாள். பரிகாரம் மாதிரி நானும் கூடப் போனேன். மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, பையில் தட்டும் கரண்டியுமாகப் பயணம். திருநின்றவூரில் ஒரு ஃப்ளாட் மாடிப்படியில் தட்டைத் தட்டியதும் எதிர் வீட்டுக் கதவு திறந்து, "பாத்திரம் தவணையா? உள்ள வாங்க," என்றது. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற ஒரு பெரியவர் வீடு. அங்கே இருந்த நாய் தட்டுச் சத்தத்துக்கு முன், பையைத் திறக்கிற சத்தத்துக்கே எழுந்துவிட்டது.

"நன்னா கேக்கறதேம்மா! பெருமாள் மணி அடிச்சா மொதல் ஆளா வந்து நிப்பான்," என்றார் பெரியவர்.

"கேக்குது சாமி. ஆனா மொதல்ல என் தப்பச் சொல்லிடறேன். இவன் அப்பன வாங்கும்போது அதோட அம்மாவ நான் போயிப் பாக்கல. ஒரே ஊட்டு ரத்தமாப் போச்சு. இவனுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா இவன் குட்டிக்கு வரலாம். ஜோடி மட்டும் சேத்துடாதீங்க."

"நீ சொல்லலேன்னா எங்களுக்குத் தெரியவே போறதில்லையேம்மா."

"அதுக்குத்தான் சாமி சொல்றேன்."

ஐந்து குட்டிகளும் ஜோடி சேர்ப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தவர்களிடம் போயின. மச்சக்குட்டி மட்டும் மிச்சம். ஜனனி அதைத்தான் கேட்டாள். அக்கா ஒரே வார்த்தையில் மறுத்தாள்.

"வோணாம் பாப்பா. உங்க ஊட்டு முன்னாடி லாரி ஓடற ரோடு. ஒண்ணு போனது பத்தாதா? அடுத்த வருஷம் வேற எடத்துலருந்து நல்ல குட்டியா நானே பாத்துத் தரேன்."

"தீரனுக்குக் காது கேக்காதுன்னு எங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி," என்றாள் ஜனனி. "இதுக்குக் கேக்காதுன்னு தெரியும்."

அக்கா பெரியக்கா பக்கம் திரும்பினாள். பெரியக்கா எழுந்து வந்து ஜனனியின் முகவாயைத் தொட்டு நிமிர்த்திப் பார்த்தார். பிறகு விரல்களால் ஏதோ சொன்னார். "கத்துக்கினு வரச் சொல்றா," என்றாள் அக்கா.

பத்து ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டோம். குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து தொடக்கூடாது, முகத்துக்கு நேரே போய் நின்று விழிக்க வைக்க வேண்டும். இருட்டில் கூப்பிட விளக்கை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். வார் இல்லாமல் வாசல் தாண்டக்கூடாது. உட்கார், வா, நில், வேண்டாம், சமத்து எல்லாம் கையாலேயே. நான் வாயால் சொல்லிக்கொண்டே கையை ஆட்டுவேன், பெரியக்கா என் வாயைப் பொத்துவார். பிறகு எங்கள் வீட்டு கேட்டைச் சோதிக்க இரண்டு பேரும் வந்தார்கள். நான் கம்பெனி வெல்டரைப் பிடித்து உள்பக்கம் இரண்டாவதாக ஒரு கேட் போட்டு வைத்திருந்தேன், பெருமையாகக் காட்டினேன். பெரியக்கா அதை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். தாழ்ப்பாள் ஆட்டத்தில் தானாகவே விலகியது. அவர் என் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பெயின்ட் பேனாவை உருவி எடுத்து, தாழ்ப்பாளின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டார்.

மனைவி சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். தாழ்ப்பாளை மாற்றினேன். அடுத்த வாரம் பாஸ் ஆனது. அந்தச் சிவப்புக் கோட்டை மட்டும் நான் அழிக்கவே இல்லை.

இப்போது அக்காவும் பெரியக்காவும் ராசாவோடும் பெட்டைகளோடும் பொதட்டூர்பேட்டை பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் இருந்த வரிசை ஒரு கிடங்காகிவிட்டது. கேன்டீனில் புது ஆள். சாம்பாரில் என்ன குறை என்று யாரும் சொல்வதில்லை, நாங்களே சாப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அவளை நினைக்காமல் எனக்கு ஒரு கவளம் இறங்குவதில்லை.

போன தீபாவளியன்று விளக்கு வைத்த நேரம், எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் இனிப்போடு வந்தார். தெருவில் சரவெடி. எங்கள் நாய் உள் கேட்டுக்கு இந்தப் பக்கம் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் நின்று பார்த்தார்.

"இன்னா சார், செம தில்லான நாயா கீது! இத்தினி சத்தத்துக்கும் அசையலயே!"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜனனி முந்திக்கொண்டாள். பன்னிரண்டு வயதாகிறது அவளுக்கு.

"தில்லு இல்ல அங்கிள். காது கேக்காது. வெயில்ல போனா மூக்கு செவந்துடும். செருப்பு கடிக்கும், உங்களுது ஜாக்கிரத. மத்தபடி ரொம்ப நல்ல நாய்."

அவர் திகைத்து என்னைப் பார்த்தார். எனக்குக் கேன்டீன் வரிசையில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பது போல இருந்தது.

"பேரு இன்னாம்மா?" என்றார் அவர்.

பெரியக்கா வைத்த பெயர். அதை எழுதிக் காட்ட முடியாது. ஜனனி வாசல் விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டாள். நாய் கண் விழித்து அவளைத் தேடியது. அவள் ஒரு விரலால் தன் மூக்கை இரண்டு முறை தொட்டு, உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அது எழுந்து, உடம்பை நெட்டி முறித்துவிட்டு, வெடிச் சத்தத்துக்கு நடுவே நேராக அவளிடம் வந்தது.